நாற்பத்தொன்றாம் நிமிஷத்தில் நின்ற படம்

போன மாதம் ஒரு புதன்கிழமை ஃபோனைத் திறந்தால், நான் ஒரு படத்தைப் பாதி பார்த்துவிட்டு நிறுத்தியிருப்பதாகச் சொல்கிறது.

நான் அவ்வளவு தூரம் பார்க்கவில்லை.

ஃபோன் பொய் சொல்லாது என்கிறார்கள். எனக்கு அதிலும் சந்தேகம்தான். ஆனால் படத்தின் பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டுக் காட்டுகிறதே... நாற்பத்தொன்றாவது நிமிஷம் வரை ஓடியிருக்கிறது. அதுவும் எந்தப் படம்? உங்களுக்கு இதே பக்கத்தில் "பார்க்காதீர்கள்" என்று எழுதினேனே, அந்தக் கடல் படம்!

எந்தப் படத்தையும் நான் லேசில் நம்ப மாட்டேன் என்பது வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். பேய்ப் படத்தில் கரண்ட் போனதும் பேய் வருகிறது. எங்கள் குப்பத்தில் கரண்ட் போகிற போக்குக்கு, பேய் வீட்டோடு தங்கிவிட வேண்டியதுதான். கோர்ட் படத்தில் வக்கீல் மேஜையைத் தட்டிக் கத்துகிறார், நீதிபதி கன்னத்தில் கை வைத்துக் கேட்கிறார். எங்கள் ஊர்க் கூட்டத்தில் அப்படிக் கத்திப் பாருங்கள், முதலில் எழுப்பி வெளியே அனுப்புவார்கள். காதல் படத்தில் அந்தப் பெண் மழையில் நின்று கால் மணி நேரம் அழுதாள். கண் மை அப்படியே இருக்கிறது. என்ன மையோ!

ஆனால் கடல் படம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. கதாநாயகன் அப்போதுதான் கடலிலிருந்து வந்து மீனைக் கொட்டுகிறான். ஊரே கைதட்டுகிறது. நான் மீனின் கண்ணைப் பார்த்தேன். குழிந்துபோயிருந்தது. செவுள் வெளுத்திருந்தது. ஐஸில் நாலு நாள் கிடந்த மீன்! மார்க்கெட்டில் வாங்கி வந்து கடலில் பிடித்ததாகக் காட்டினால், மீன் கூடை தூக்கிய எனக்குத் தெரியாதா?

அங்கேயே நிறுத்திவிட்டேன்.

சரி, அந்தப் படத்தை என் பெயரில் பார்த்தது யார்?

இங்கே எங்கள் ஏற்பாட்டைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் தெருவில் ஆறு வீடு சேர்ந்து சினிமா பார்க்கிற ஒரு ஆப் வாங்கியிருக்கிறோம். ஆறு வீட்டு ஃபோனிலும் இருக்கிறது. யார் ஓட விட்டாலும், எந்தப் படம், எந்த நாள் என்று எல்லா ஃபோனிலும் காட்டும். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு ஃபோனில்தான் படம் ஓடும். வந்த முதல் வாரமே சண்டை. அப்போது அந்த ஆறு வீட்டில் ஒருத்தியான அஞ்சலைதான் சொன்னாள்: "ஏரிக்குப் பாடு கீதுல்ல? இதுக்கும் பாடு போட்டுடலாம்."

பழவேற்காடு ஏரியில் எல்லாரும் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. சீட்டுப் போட்டு, இன்ன நாள் இன்னாருக்கு இந்த இடம் என்று பிரித்துக்கொள்வார்கள். அதற்குத்தான் பாடு என்று பேர். அடுத்தவர் பாட்டில் வலை போட்டவருக்கு மன்னிப்பே கிடையாது. அவர் சீட்டை எடுத்துவிடுவார்கள். ஏரி ஆண்களுடையது. சினிமாப் பாடு எங்களுடையது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சீட்டு, ஆறு நாள் ஆறு வீட்டுக்கு, ஞாயிறு பொது. போன மாதம் எனக்குப் புதன் விழுந்திருந்தது.

அந்தக் கடல் படம் ஓடியதும் புதன்கிழமை என்றுதான் காட்டியது. ஆக, யாரோ என் பாட்டில் வலை போட்டிருக்கிறார்கள்.

நான் அவசரப்படவில்லை. படத்தை முதலிலிருந்து ஓட விட்டு, இரண்டாவது நிமிஷத்தில் நிறுத்தி வைத்தேன். கண்ணி வைக்கிற மாதிரி. அடுத்த புதன் திறந்தேன்.

நாற்பத்தொன்று.

அதே இடம்! முழுதாகப் பார்க்கிறவர்கள் முடித்திருக்க வேண்டும். பிடிக்காதவர்கள் விட்டிருக்க வேண்டும். இது என்ன, போய்ப் போய் ஒரே இடத்தில் நிற்பது?

எனக்குச் சுமதி மேல்தான் சந்தேகம். மூன்றாவது வீட்டு மருமகள். எந்நேரமும் காதில் ஒயர். கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புவாள். அப்படியே போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் எனக்கு யாரையும் நேரில் கேட்கிற தைரியம் கிடையாது. நாலு பேர் நடுவில் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஐந்தாவது வரை படித்த படிப்பு இப்படி எழுத உதவுகிறது, பேச உதவவில்லை.

அதனால் அஞ்சலை காதில் மட்டும் போட்டு வைத்தேன்.

அஞ்சலை காதில் போடுவதும் ஸ்பீக்கர் கட்டி அறிவிப்பதும் ஒன்று. மறுநாள் இறால் உரிக்க உட்கார்ந்தோம். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இன்னா சுமதி, புதன்கெழம அக்காவோட பாட்டுல நீ படம் பாக்குறியாமே?"

"யாரு சொன்னது?"

"யாரு சொன்னா இன்னா? பாத்தியா, இல்லியா?"

"சத்தியமா சொல்றேன் அத்தே! அந்தப் படத்த நான் தொட்டதே இல்ல. பாத்துகினே தூங்கிடுவேன்னு எங்கூட்டுக்காரரே சிரிப்பாரு!"

"காதுல ஒயர மாட்டிகினு இன்னா பாக்குறன்னு எங்களுக்கு இன்னா தெரியும்? ஞாயித்துக்கெழம சீட்டுல உன் பேரு இருக்காது. அவ்ளோதான்."

சுமதி கையிலிருந்த இறாலைச் சட்டியில் எறிந்துவிட்டு எழுந்து போனாள். போகும்போது என்னைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் திருட்டு இல்லை. அதுதான் என்னைக் குடைந்தது. பக்கத்தில் தேசம்மா ஒரு வார்த்தை பேசாமல் உரித்துக்கொண்டே இருந்தாள். அவள் இப்போதெல்லாம் பேசுவது குறைவு. வீட்டில் அவள் புருஷன் ஏழுமலை பக்கவாதத்தில் விழுந்து வருஷம் ஆகப்போகிறது. அப்போது போன அவர் பேச்சு திரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சும்மா ஆப்பைத் திறந்து பார்த்தேன். "வேறொரு ஃபோனில் படம் ஓடிக்கொண்டிருக்கிறது" என்று வந்தது.

அன்றைக்குப் பாடு அஞ்சலைக்கு. அஞ்சலையோ ஃபோனை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் பொன்னேரி பஸ் ஏறிப் போனதை நானே பார்த்தேன்!

எழுந்தேன். உப்பு வாங்கப் போகிறவள் மாதிரி கையில் கிண்ணம் எடுத்துக்கொண்டு தெருவில் நடந்தேன். சுமதி வீட்டு வாசலில் நின்றேன். அவள் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஃபோன் சார்ஜில் கிடந்தது. அடுத்த வீட்டில் சத்தமில்லை. அதற்கடுத்து தேசம்மா வீடு. கதவு சாத்தியிருந்தது. உள்ளே கடல் இரைச்சல். சினிமாக் கடல்.

அப்புறம் ஒரு ஆண் குரல், வடக்கிலிருந்து காற்று வருகிறதென்று எச்சரிக்கிற மாதிரி, கணீரென்று: "வாடை வந்துடுச்சி! வலைய எடு!"

எனக்குக் கிண்ணம் நழுவிவிட்டது.

அது ஏழுமலையின் குரல்.

ஏரிப் பாட்டுக்குச் சீட்டு எடுத்துப் பேர் கூப்பிடுகிற ஆள் அவர்தான். கரையில் நின்று கூப்பிட்டால் ஓடத்தில் இருப்பவன் திரும்புவான். அந்தக் குரலில் ஒரு பிசிறு இல்லை. உடனே பின்னால் இன்னொரு குரல், சேற்றில் கால் வைத்து இழுக்கிற மாதிரி: "வா... வாடை..."

மறுபடியும் படம். மறுபடியும் "வாடை வந்துடுச்சி! வலைய எடு!" மறுபடியும், "வாடை..."

கதவு திறந்தது. கிண்ணம் விழுந்த சத்தம் கேட்டிருக்கும். தேசம்மா வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

"எக்கா... நீயா?"

"உப்பு..." என்றேன். எனக்கு வேறு என்ன வரும்?

அவள் கிண்ணத்தை எடுத்துக் கையில் கொடுத்தாள். பிறகு எல்லாம் சொன்னாள். அந்தப் படத்துக்கு முகத்துவாரத்துப் பக்கம் மூன்று நாள் ஏழுமலையின் படகை எடுத்திருக்கிறார்கள். படகோட்டியாக நடிக்க வந்தவர் அலையில் ஏறியதும் வாந்தி. "பெரியவரே, நீங்களே ஓட்டிகினு அந்த வார்த்தையச் சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டார்களாம். முகம் தெரியாது, முதுகு மட்டும்தான். குரல் மட்டும் அவருடையது. திரும்பி வந்த ஏழுமலை வீட்டில்கூட இதைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வாதம் வந்துவிட்டது. போன மாதம் தன் பாட்டில் படம் பார்த்துக்கொண்டிருந்த தேசம்மாவுக்குத் தற்செயலாகக் காதில் விழுந்திருக்கிறது.

தெருவில் வேறு யாருக்கும் ஏன் தெரியவில்லை? அந்த இடத்துக்கு முன்னால் ஒரு பாட்டு வருகிறது. பாட்டு வந்தால் நாங்கள் உலை வைக்க எழுந்துவிடுவோம். எனக்கோ, மீன் கண்ணைத் தாண்டிப் போகவே இல்லையே.

"தெனம் பேசிப் பழக்குன்னு டாக்டரம்மா சொல்லிச்சி. நான் சொல்லிக் குடுத்தா மொறைக்கிறாரு. அவரு கொரலுக்குத்தான் வாய தெறக்குறாரு எக்கா. எங்க பாடு வாரத்துல ஒரு நாளு. மத்த நாளு மத்தியானம் யாரும் பாக்க மாட்டீங்களேன்னு... எல்லார் பாட்டுலயும் போட்டேன். நீ கண்டுபுடிச்சாலும் வாய தெறக்க மாட்டியேன்னு நெனச்சேன்."

சுருக்கென்றது. இத்தனை வருஷம் மூடியிருந்த வாயை, திறக்கக் கூடாத நேரத்தில் திறந்திருக்கிறேன்.

"கேட்டிருக்கலாமே தேசம்மா?"

"ஊருக்கே பேரு கூப்ட்ட ஆளு. நாக்கு பொரளாம கெடக்குறத நாலு பேரு பாக்கக் கூடாதுன்னுதான வெளியவே வர மாட்டன்றாரு? யார்கிட்டயும் சொல்லாத எக்கா. 'வாடை' வந்துடுச்சி. மீதியும் வந்துடும்."

இப்போது சொல்லுங்கள். சொன்னால் ஏழுமலை இன்னும் உள்ளே போய்விடுவார். சொல்லாவிட்டால் சுமதிக்குத் திருட்டுப் பட்டம். அதைக் கட்டியது நான். இப்படி ஒரு சிக்கலைச் சினிமாவில் வைத்தால் "நம்புகிற மாதிரி இல்லை" என்று உங்களுக்கு எழுதியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வலை காயப்போடுகிற மணலில் ஆறு வீட்டுப் பெண்களும் உட்கார்ந்தோம். அஞ்சலை ஊறுகாய் டப்பாவில் பெயர்ச் சீட்டுகளைப் போட்டாள். சுமதியின் சீட்டைத் தனியே எடுத்துக் கிழிக்கப் போனாள்.

எழுந்தேன்.

"நான்தான் பாத்தேன்."

"இன்னாது?"

"அந்தப் படத்த... நானே பாத்துட்டு மறந்துட்டேன். சுமதி இல்ல."

அஞ்சலை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வெள்ளிக்கெழம என் பாட்டுல ஓடிச்சே? அதும் நீதானா?"

"அதும் நான்தான்."

"தூ... ஒயர் மாட்டாத திருடியா நீ! உன்ன நம்பி அந்தப் பொண்ண ஏசிட்டேனே!"

சுமதியின் சீட்டு டப்பாவுக்குள் போனது. என் சீட்டு அஞ்சலையின் இடுப்பில் சொருகப்பட்டது. சுமதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நம்பவில்லை என்று நினைக்கிறேன். தேசம்மா மட்டும் எழுந்து விறுவிறுவென்று வீட்டுப் பக்கம் போனாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் — தப்பித்து ஓடுகிறாள் என்றுதான் நினைத்தேன். புத்தி அப்படி.

கொஞ்ச நேரத்தில் அஞ்சலை எழுந்து நின்றுவிட்டாள். "அய்யே... அண்ணன் வருது!"

தேசம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏழுமலை வந்தார். ஒரு கால் மணலில் கோடு போட்டுக்கொண்டே வந்தது. கவிழ்த்துப் போட்டிருந்த மீன் பெட்டியில் உட்கார்ந்தார். தேசம்மா நடந்ததையெல்லாம் நின்றபடியே சொல்லிவிட்டாள். அஞ்சலையே குறுக்கிடாமல் கேட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏழுமலை அஞ்சலையின் இடுப்பைக் காட்டிக் கையை நீட்டினார். அவள் என் சீட்டை எடுத்துக் கொடுத்தாள். அதை டப்பாவில் போட்டுக் குலுக்கினார். ஏரியில் குலுக்குகிற அதே மூன்று குலுக்கல்.

"திங்கள்," என்றாள் அஞ்சலை.

அவர் ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தார். படித்துவிட்டார், கண்ணில் தெரிந்தது. வாயைத் திறந்தார். வந்தது...

"வாடை."

சுமதி எட்டிச் சீட்டைப் பார்த்தாள். "என் பேருதான் மாமா! இனிமே என் பேரு வாடையா?"

முதலில் சிரித்தது ஏழுமலைதான். ஒரு பக்கத்து வாயால் சிரித்தார். அப்புறம் மணல் முழுக்கச் சிரிப்பு. செவ்வாய்க்கும் வாடை. புதனுக்கும் வாடை. வியாழன், வெள்ளிக்கும் அதேதான். ஐந்து வீட்டுக்கும் ஒரே பேர். ஒவ்வொரு தடவையும் சுமதி சீட்டைப் படித்துச் சொன்னாள்.

கடைசிச் சீட்டு என்னுடையது. சனிக்கிழமை. அவர் அதைப் பிரித்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வெகு நேரம் வாய் அசைந்தது. அஞ்சலை உதவப் போனாள். கையை உயர்த்தி நிறுத்தினார். சீட்டை என் பக்கம் நீட்டினார்.

"எ... எடு."

தேசம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அந்த வார்த்தை அதுவரை வந்ததே இல்லை.

எடுத்துக்கொண்டேன்.

இப்போது தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் அரை மணி நேரம் ஏழுமலையின் பாடு. சீட்டே இல்லாமல், ஆறு வீடும் சம்மதித்தது. இதை எழுதலாமா என்று அவரைக் கேட்டேன். தலையாட்டினார். தலையாட்டலை நம்பலாமா என்று தேசம்மாவிடம் இன்னொரு தடவை கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

உங்களிடமும் ஒரு பாக்கி இருக்கிறது. அந்தக் கடல் படத்தைப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, முழுதும் பார்த்தவள் மாதிரி இங்கே எழுதிவிட்டேன். போன சனிக்கிழமை என் பாட்டில் கடைசி வரை பார்த்தேன். மீன் பழைய மீன்தான், அதில் மாற்றமில்லை. கதாநாயகனின் லுங்கி கடலில் விழுந்து எழுந்தும் நனையவில்லை. ஆனால் பாட்டு வரும்போது உலை வைக்க எழுந்துவிடாதீர்கள்.

அப்புறம் — பேய்ப் படம் ஒன்று இருபத்தாறாவது நிமிஷத்தில் நிற்கிறது. பேயே பிடிக்காது என்பாயே அஞ்சலை... நீதானே அது?