கழுவி மூடிய தொட்டி

வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்து ஆய்வுகூடத்தில் எனக்கு எட்டு மாதமாக ஒரே வேலை. கண்ணுக்குத் தெரியாத நனோ துகள்களை ஒரு தொட்டித் தண்ணீரில் கலந்து வைத்து, சூடாக்கி, வெறும் தண்ணீரைவிட வேகமாக ஆறுகிறதா என்று பார்க்க வேண்டும். வெப்பமானியில் கண், நிறுத்துக் கடிகாரத்தில் விரல். துகள் கலந்த தண்ணீர்தான் எப்போதும் முந்தும். அலுத்துப்போயிருந்தாலும், பட்டம் கிடைத்துவிடும் என்றிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமையும் அப்படியே முந்தியது. குறித்து முடித்தபோது, கூடத்தைத் துப்புரவு செய்யும் மலரக்கா தயங்கித் தயங்கி வந்தார்.

“மிஸ், காலையில அந்தத் தொட்டிக்குள்ள சுண்ணாம்பு மாதிரி அடியில படிஞ்சு கிடந்திச்சி. ஊத்தை எண்டு கழுவி, நல்ல தண்ணி ஊத்தி மூடிப்போட்டன். பிழையா மிஸ்?”

குறிப்பேட்டைப் பார்த்தேன். துகள் கலந்தது என்று நம்பி அன்று நான் அளந்தது வெறும் தண்ணீர். அதுவும் முந்தியிருந்தது. கடிகாரத்தை இத்தனை நாளும் என் ஆசைதான் அழுத்தியிருக்கிறது. எட்டு மாதத்தில் எந்த அளவீட்டை இனி நம்புவது?

“உங்களில பிழை இல்லக்கா,” என்றேன்.

அவர் பயந்து பயந்தாவது அன்றைக்கே வந்து சொன்னார். என் மேற்பார்வையாளரின் கதவைத் தட்ட எனக்கு பத்து நாள் எடுத்தது.