சுவருக்கு வெளியே வந்த கிளை

பேகம்பூரில் காதர் பீவியைக் கிறுக்கி என்றுதான் சொல்வார்கள். இலை தைக்கும்போது உதடு ஆடிக்கொண்டே இருக்கும், கூப்பிட்டால் திரும்பமாட்டாள். சொல்கிறவர்களுக்கு என்ன, வாய் இருக்கிறது, சொல்லிவிட்டுப் போவார்கள். அறுபத்து நாலில் அடைமழை பெய்த அந்த வாரம் நடந்ததைக் கேட்டால் தெரியும் சேதி.

பீர் முகமதுவின் பிரியாணிக் கடையில் பொட்டலம் கட்டுவது அவள் தைக்கும் இலையில்தான். சுடுசோற்றை வைத்து வாழைநாரால் கட்டினால் தெருமுனை வரைக்கும் மணக்கும். அந்த மழையில் சிறுமலையிலிருந்து இலைக்கட்டு இறங்கவில்லை. பீர் முகமது வாசலில் வந்து நின்றார்.

"நாளைக்கு இலை இல்லேன்னா நியூஸ்பேப்பர்ல கட்டிருவேன் பீவி. அப்பறம் எம்மேல வருத்தப்படாத."

ஒரே மகன் முனீர் காய்ச்சலில் போனபிறகு அவளுக்கென்று மிஞ்சியது அந்த வேலைதான். விடிந்ததும் தொரட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஊர்க்காரர்களை அடக்கும் மையவாடிச் சுவரைத் தாண்டி ஒரு வாதாங்கிளை ரோட்டுப் பக்கம் நீண்டிருந்தது. இலை ஒவ்வொன்றும் விரித்த கையை விடப் பெரிசு. கபர்க்குழி மேல் நிற்கிற பச்சையைப் பறிக்கக் கூடாது, அது மண்ணுக்குள் கிடப்பவருக்காக அல்லா பேரைச் சொல்லி திக்ரு ஓதிக்கொண்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். 'நான் உள்ள போகலையே, ரோட்டுக்கு வந்த கிளைதானே' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக் கிளையை மொட்டையாக்கிவிட்டாள்.

வீட்டில் ஈர்க்கு குத்தித் தைக்கும்போதுதான் கேட்டது. இலை கொண்டுவந்த சாக்குக்குள் யாரோ முணுமுணுக்கிறார்கள். மழைச் சத்தம் என்று நினைத்தாள். மழை விட்டது, முணுமுணுப்பு விடவில்லை. ஓர் இலையைக் காதோரம் பிடித்தாள். யா அல்லா! அதற்குள்ளிருந்துதான் வந்தது. ஆனாலும் தைத்தாள், வேறென்ன செய்வாள் பாவம்.

கடையில் பீர் முகமது ஆவி பறக்கிற சோற்றை அள்ளி வைக்க வைக்க, ஒவ்வோர் இலையாக வாயடங்கியது. அது அவளுக்கு மட்டும்தான் கேட்டது. அடுப்புப் பக்கத்திலேயே அவளுக்குக் குளிரெடுத்தது.

திரும்பும் வழியில், குழி வெட்டும் நூர் அகமது மொட்டைக் கிளையைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"எந்தப் பாவி பண்ணுன வேலைன்னு தெரியலக்கா. நம்ம முனீருக்கு நிழலா இருக்கட்டும்னுதான அந்த மரத்தடியில வச்சேன்."

பெண்கள் மையவாடிக்குள் போகும் வழக்கமில்லை. மகன் எந்த இடத்தில் கிடக்கிறான் என்று அவள் யாரையும் கேட்டதுமில்லை, கேட்கத் தெம்பில்லை.

வந்த வழியே ஓடினாள். "கட்டாதீங்க! ஐயோ, கட்டாதீங்க!" கடைசிப் பொட்டலமும் போயிருந்தது. வீட்டுக்கு வந்து சாக்கை உதறினாள். கிழிசல் என்று ஒதுக்கிய ஓர் இலை விழுந்தது. எடுத்துக் காதில் வைத்தாள். இலை வாட வாட ஓசை தேய்ந்துகொண்டே வந்தது. அது நிற்பதற்குள் அதே சொல்லை அவள் வாய் எடுத்துக்கொண்டது.

வருசங்கள் கழித்து ஒருநாள் பீர் முகமது பொறுக்கமாட்டாமல் கேட்டார். "செத்த நேரம் வாய மூடித்தான் தையேன் பீவி?"

"நான் நிறுத்துனா," என்றாள், "அங்க எம்புள்ள தனியாக் கிடப்பான்ல."