மூணு ஃபேன் கார்டும் பாத்திமாவின் பெட்டியும்

மேலப்பாளையத்தில் ஒரு கல்யாணம் என்றால் அதை இரண்டு கல்யாணமாகத்தான் கணக்கு வைக்க வேண்டும். ஆண்கள் பக்கம் ஒன்று, பெண்கள் பக்கம் ஒன்று. ஆண்கள் பக்கத்தில் ஸ்டுடியோக்காரர்கள் டிரோன் முதற்கொண்டு இறக்கி அமர்க்களப்படுத்துவார்கள். பெண்கள் பக்கத்தில் அந்தப் பருப்பு வேகாது. அங்கே கேமரா தூக்குகிறவளும் பெண், பிறகு உட்கார்ந்து அந்தப் படத்தை வெட்டி ஒட்டிக் கொடுக்கிறவளும் பெண். நடுவில் ஓர் ஆணின் கண் படக் கூடாது. அப்படி வெட்டி ஒட்டிக் கொடுக்கிறவள்தான் மைதீன் பாத்திமா.

முன்பு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். கொரோனா அடங்கிய சமயத்தில் பக்கத்து வீட்டுக் கல்யாணப் படத்தைச் செல்போனிலேயே கோத்துக் கொடுத்தாள். அது தெருவெல்லாம் ஓடி, பிறகு அவளுக்கு ஊசி எடுக்கவே நேரமில்லாமல் போனது. அவள் கணவர் சேக் முகம்மது சவூதியில், தம்மாமில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்க்கிறார். வீட்டில் பிரிட்ஜ், வாஷிங் மெஷின், சுவர்க் கடிகாரம் எல்லாம் அவர் சபரில், அதாவது வெளிநாட்டில், சம்பாதித்தது. மூலையில் இருக்கிற கம்ப்யூட்டர் மட்டும் பாத்திமா தையல் காசில் வாங்கியது. ஏதோ ஆபீசில் தள்ளிவிட்ட பழைய பெட்டி, ஒல்லியாக, நிறுத்தி வைத்தால் இரண்டு பிஸ்கட் அட்டைப்பெட்டியை அடுக்கினது போலத்தான் இருக்கும். ஆனாலும் அது அவளுக்குச் சோறு போட்ட பெட்டி.

படத்தைக் கொடுக்கும்போது பெண்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள். "இது அமானத்து, பாத்திமா." நம்பி ஒப்படைத்த பொருள், அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டிய பொருள் என்று அதற்கு அர்த்தம். முக்காடு இல்லாமல் மகளைக் கட்டிக்கொண்டு அழுத தாய், மருதாணிக் கையோடு ஆடின மைனி, எல்லோரும் அந்தப் பெட்டிக்குள் இருந்தார்கள். பாத்திமா பெட்டியின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடித்தான் வைப்பாள்.

வினை, படம் எடுக்கிற ஷம்ஸியா புதுக் கேமரா வாங்கினதில் ஆரம்பித்தது. படம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒவ்வொன்றும் கனத்த கனம். அலிமா பீவி மகள் தஸ்மியா கல்யாணப் படத்தைப் பாத்திமா பெட்டியில் ஏற்றினாள். மணப்பெண் தலையைத் திருப்புவதற்குள் பாத்திமா ஓர் உலை வைத்துவிட்டு வந்துவிடலாம், அப்படி நின்று நின்று ஓடியது. வெட்டி முடித்து மொத்தப் படத்தையும் ஒன்றாகப் பிழிந்தெடுக்கிற கடைசி வேலையில், பாதியில் நீலத்திரை காட்டி நின்றுபோனது. மறுபடி போட்டாள். மறுபடியும் நின்றது.

அலிமா பீவி நேரில் வந்துவிட்டாள்.

"ஏளா பாத்திமா, புள்ள மாப்பிள்ளையோட சார்ஜா போப்போறா. அவ போறதுக்குள்ள படம் வேணும். ஒனக்கு முடியலன்னா சொல்லிரு. டவுன்ல பெரிய ஸ்டுடியோ இருக்காம், அங்கன குடுத்துருதேன்."

"ஸ்டுடியோல ஆம்பளையளுல்லா மாமி இருக்காங்க?"

"எனக்கு மட்டும் ஆசையா? நான் என்ன செய்ய?"

அந்தக் கேள்வி பாத்திமாவைத் தைத்துவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். நம்பிக் கொடுத்த பொருளைத் தன் கையாலாகாத்தனத்தால் வெளி ஆண்கள் கையில் கொடுக்க நேர்ந்தால், அப்புறம் இந்த வேலையில் இருந்து என்ன பிரயோஜனம் என்று நினைத்தாள். ஒரு வாரம் தவணை கேட்டாள். அலிமா பீவி அரை மனதாகத் தலையாட்டினாள்.

பெட்டிக்கு கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று போட்டால் படம் சம்பந்தப்பட்ட பாரத்தை அது தன் தலையில் வாங்கிக்கொள்ளும் என்று பாத்திமா கேள்விப்பட்டிருந்தாள். அன்று போனில் கணவரிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அங்கேதான் தப்பு நடந்தது. சபரில் இருக்கிற மனுஷனிடம் ஒரு சாமான் பேரைச் சொன்னால் அவருக்கு இருப்புக் கொள்ளுமா? தைலம் கேட்டால் டஜன் கணக்கில் அனுப்புகிற ஊர் இது. சேக் முகம்மது கடையில் இருந்ததிலேயே பெரியதாகப் பார்த்து வாங்கி, மறுநாளே லீவில் கிளம்பின கூட்டாளி ரசீதிடம் கொடுத்தனுப்பிவிட்டார்.

டாங் பவுடர், பேரீச்சம்பழம், பாதாம் இவற்றுக்கு நடுவில் அது வந்து இறங்கியது. மூன்று ஃபேன். அம்மிக் குழவி கனம். தெருப் பெண்கள் வந்து பார்த்து மூக்கில் விரல் வைத்தார்கள். பாத்திமா பெட்டியைத் திறந்து அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கார்டு பெட்டியைவிடப் பெரிதாக இருந்தது. கார்டுக்குள் வேண்டுமானால் பெட்டியை வைக்கலாம் என்று ஷம்ஸியா சொல்ல, இரண்டு பேரும் சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

சபரிலிருந்து வந்ததை வேண்டாம் என்று சொன்னவள் அந்தத் தெருவில் அதுவரை கிடையாது. பாத்திமா போனில் கணவரிடம் சொன்னாள்.

"இங்க பாருங்க, கார்டு நல்ல கார்டு. நம்ம பெட்டிக்குள்ள போவாது. அதுக்கு வேண்டிய கரண்ட்டும் இந்தப் பெட்டி குடுக்காது."

"அப்ப பெட்டிய மாத்து. புதுசுக்கும் பணம் அனுப்புதேன்."

"வேண்டாம். என் தொழிலுக்கு வேண்டியத நான் பாத்து வாங்கிக்கிடுதேன்."

"ஒன் இஷ்டம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அதற்கப்புறம் இரண்டு நாள் போன் வரவில்லை. பாத்திமாவுக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது, சொன்னதை மட்டும் மாற்றிச் சொல்லத் தோன்றவில்லை. ரசீத் லீவு முடிந்து திரும்பும்போது அந்தக் கார்டு வந்த வழியே போனது, தம்மாம் கடைக்காரனும் முகம் சுளிக்காமல் எடுத்துக்கொண்டான்.

பாளையங்கோட்டையில் முருகன்குறிச்சிப் பக்கம் கிருபைராஜ் கடை. பழைய பெட்டியை அவரிடம்தான் வாங்கினாள். மனுஷர் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடகர் குழுவில் பாடுகிறவர், பொய் சொல்லி விற்கத் தெரியாது.

"பெட்டிய இங்க கொண்டாந்து வச்சிட்டுப் போங்கக்கா. எது சேரும்னு பாத்து மாட்டித் தாரேன்."

"வைக்க முடியாது அண்ணாச்சி. உள்ள பொம்பளையளுக்க படம் இருக்கு."

அவர் "சரி. அப்ப கார்ட மட்டும் பாப்போம்" என்று மேஜையைத் துடைத்தார்.

பத்தாயிரத்துக்குள், ஒல்லிப் பெட்டிக்குள் நுழைகிற மாதிரி, தனிக் கரண்ட் வயர் கேட்காத மாதிரி என்று மூன்று கார்டை எடுத்து வைத்தார். நடுவில் இருந்ததைத் தட்டிக் காட்டினார். "பயலுவ விளையாட்டுக்கு இதத்தான் அள்ளிட்டுப் போறானுவ."

"எனக்கு விளையாட வேண்டாம். படத்தப் பிழிஞ்சு எடுக்கணும். போட்டுக் காட்டுங்க."

கைப்பையிலிருந்து பென்டிரைவை எடுத்தாள். கல்யாணப் படத்தைக் கொண்டுவர முடியாது அல்லவா? அதற்காக ஷம்ஸியாவின் புதுக் கேமராவில் மொட்டை மாடியில் திரிந்த பெட்டைக்கோழியை எடுத்திருந்தாள். கோழி நடக்கிறது, நிற்கிறது, கொத்துகிறது, மறுபடி நடக்கிறது. கிருபைராஜ் கடை கம்ப்யூட்டரில் ஒவ்வொரு கார்டாக மாட்டி அதே கோழியை ஓட்டினார். வந்த வாடிக்கையாளர்களும் நின்று கோழியைப் பார்த்தார்கள்.

முதல் கார்டில் கோழி நின்று நின்றுதான் நடந்தது. விளையாட்டுக்குப் பேர் போன கார்டில் கோழி நன்றாகத்தான் நடந்தது. கடைசிப் பிழிகிற வேலை வந்ததும் கார்டு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. கிருபைராஜ் நெற்றியைச் சுருக்கி, நெட்டில் தேடிப் படித்தார். விலை குறைக்கிறதற்காக அந்த வேலை செய்கிற பகுதியையே அந்தக் கார்டில் வைக்காமல் விட்டிருக்கிறார்கள். "நானும் இத்தன நாளா கவனிக்கல பாருங்க" என்றார். பாத்திமாவுக்கும் அது தெரியாதுதான், கோழி தெரியவைத்தது. மூன்றாவது கார்டு விளையாட்டில் சுமார், பார்வைக்கும் சோப்புப் பெட்டி மாதிரி. ஒற்றை ஃபேன். அதில் கோழி மளமளவென்று முடிந்து வெளியே வந்தது.

"இதக் குடுங்க" என்றாள் பாத்திமா. யாரிடமும் கேட்கவில்லை, யாருக்கும் போன் போடவில்லை. பஸ்ஸில் அந்தச் சின்ன டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது ஜன்னல் காற்று முகத்தில் அடித்தது. மனசு அப்படிக் குளிர்ந்து கிடந்தது.

வீட்டில் முதலில் படங்கள் இருந்த டிஸ்க்கைக் கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். பிறகு கார்டை அதன் பள்ளத்தில் வைத்து, ஊசியில் நூல் கோக்கிற பொறுமையோடு பைய அமுக்கினாள். டக்கென்று உட்கார்ந்தது. டிஸ்க்கைத் திரும்ப மாட்டி, துணிகிணி எல்லாம் ஒதுக்கி, பிஸ்மி சொல்லி சுவிட்சைப் போட்டாள்.

திரையில் ஒன்றுமில்லை. கறுப்பு.

அணைத்துவிட்டுப் போட்டாள். கறுப்பு. கார்டு போனால் போகட்டும், உள்ளே இருக்கிற தஸ்மியா கல்யாணம் போயிருந்தால்? அந்தத் தாய் அழுதது, மகள் சிரித்தது, எல்லாம் போயிருந்தால்? தன் கையால் மாட்டுவேன் என்று நின்றவள் தன் கையாலேயே தொலைத்துவிட்டாளோ என்று நினைத்தபடியே பெட்டியை மறுபடி திறந்து கார்டை அமுக்கிப் பார்த்தாள்.

"லாத்தா, அந்த அண்ணாச்சிய வரச் சொல்லுவமா?" என்றாள் கூட இருந்த ஷம்ஸியா.

"வரட்டும்னா படத்த அவருக்கு முன்னால திறக்கணும். மாட்டேன்." போனைப் போட்டாள். கிருபைராஜ் பதறாமல் கேட்டார்.

"அக்கா, ஃபேன் சுத்துதா?"

"சுத்துது."

"மானிட்டர் வயரு எங்கன சொருகியிருக்கு?"

"எப்பவும் இருக்குத எடத்துலதான்."

"அங்கன இருந்தா எப்படிக்கா தெரியும்? இனிமே படம் கார்டுலருந்துல்லா வரும். கீழ பாருங்க, புதுசா ஒரு வாய் இருக்கும்."

வயரைப் பிடுங்கிக் கார்டில் சொருகினாள். திரை விழித்துக்கொண்டது. தஸ்மியா மருதாணிக் கையைத் தூக்கிக் காட்டியபடி அதே இடத்தில் இருந்தாள். பாத்திமா தரையிலேயே உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதாள்.

படம் அன்று அஸர் தொழுகைக்கு முன்பே முடிந்துவிட்டது. இத்தனை நாள் மல்லுக்கட்டிய வேலை, ஷம்ஸியா டீ போட்டுக் கொண்டுவருவதற்குள் பாதி தாண்டியிருந்தது.

அலிமா பீவி வீட்டில் ஆண்களை வெளியே அனுப்பிக் கதவைத் தாழிட்டுவிட்டுப் பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். மகளை வழியனுப்புகிற இடத்தில் அலிமா பீவி தன்னையே பார்த்தாள். முக்காடு நழுவினது தெரியாமல் அழுகிற தன்னை.

"இத நாலு ஆம்பளையள்ட்ட குடுத்திருப்பேனே ஏளா" என்றாள் கடைசியில். பாத்திமாவின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பாத்திமாவுக்குத் தலை நிமிர்ந்துதான் இருந்தது. அதை மறைக்கவும் அவள் முயலவில்லை.

சேக் முகம்மது நோன்புப் பெருநாளுக்கு லீவில் வந்தார். போன் சண்டையைப் பற்றி அவரும் பேசவில்லை, இவளும் கிளறவில்லை. பெட்டியைப் பார்த்தார், திறந்து கார்டைப் பார்த்தார், "இம்புட்டுத்தானா?" என்றார், மூடிவிட்டார். பெருநாள் கழிந்து கல்யாணங்கள் வரிசை கட்டின. பாத்திமாவிடம் கையில் ஆறு படம் சேர்ந்துவிட்டது. கம்ப்யூட்டர் இருப்பதோ முன்னறையில்.

ஒருநாள் மத்தியானம் அவர் திரைக்கு முன்னால் வந்து நின்றார். பாத்திமா படத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"நீங்க வெளிய இருங்க."

"நானுமா?"

"நீங்களுந்தான்."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. சொந்த வீட்டில் இருந்து மனுஷரை விரட்டிவிட்டோமே, என்ன நினைக்கிறாரோ என்று பாத்திமாவுக்கு உறுத்தியது. ஆனாலும் வேலையைத் தொடர்ந்தாள். சற்று நேரத்தில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ரசீதின் குரல் கேட்டது. அவனும் பெருநாளுக்கு மறுபடி வந்திருந்தான்.

"என்னவே, மத்தியான வெயில்ல சொந்த வீட்டு வாசல்ல நிக்கீரு? வாரும், உள்ள போயி உக்காந்து பேசுவோம்."

"போவக் கூடாதுலே." கணவர் குரல் கதவை ஒட்டி, கதவில் சாய்ந்துகொண்டு பேசுகிற மாதிரி வந்தது. "உள்ள பொம்பளையளுக்க கல்யாணப் படம் ஓடுது. அவள நம்பிக் குடுத்தது. நானே பாக்கக் கூடாதுன்னுட்டா."

"நீரு அனுப்புன கார்டுலயா ஓடுது?"

"அது பெட்டிக்குள்ள போவலலே. இது அவளா பாத்து வாங்குனது, அவளே மாட்டுனது. ஒனக்கும் எனக்கும் தெரியாத வேலைல்லா அது."

பாத்திமாவின் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது.

"அப்ப எப்பந்தான் முடியும்?" என்றான் ரசீத்.

"அது அவளுக்குத்தான் தெரியும். நீ போயி ரெண்டு டீ சொல்லி இங்கன கொண்டுவரச் சொல்லு. யாராவது தெரியாம உள்ள போயிரக் கூடாதுல்லா, நான் நிக்கணும்."