சட்டியை இறக்கிவைத்தேன்

என் நோயின் முதல் அறிகுறியை ஊரே கையெடுத்துக் கும்பிட்டது.

குந்தாரப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மாரியம்மன் பண்டிகைக்குத் தீச்சட்டி எடுத்தேன். மற்ற பெண்கள் சூடு தாங்காமல் கை மாற்றித் தவிக்க, நான் இடக்கையிலேயே ஏந்திக் கோயிலைச் சுற்றிவந்தேன். "மாரியாத்தா இவ கையில எறங்கிட்டா!" என்று பூசாரி என் காலில் விழுந்தார். வீட்டுக்கு வந்து, சட்டிக்கடியில் கையில் வைத்திருந்த வேப்பிலையை உதறினால் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். அதுவும் வலிக்கவில்லை.

புண் ஆறாததால் கணவர் வண்டி கட்டிக் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். டாக்டர் என் கண்களை மூடச்சொல்லி, உள்ளங்கையைப் பஞ்சால் தொட்டார், ஊசியால் குத்தினார். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. முழங்கை நரம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, குஷ்டம் (தோலையும் நரம்பையும் மரத்துப்போகச் செய்யும் நோய்) என்றார்.

விரல் போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். ஆத்தா என் கையில் இறங்கவே இல்லையா என்ற பயம் அதைவிடப் பெரிது. இனி யாரை நம்பி மருந்து விழுங்குவது?

"சாமிய விடச் சொல்லலம்மா," என்றார் டாக்டர். "கை சுடணும்னு வேண்டிக்கோ. மாத்திரையையும் விடாதே."

எல்லோரும் சுடக்கூடாது என்று வேண்டுகிற தெய்வத்திடம், சுட வேண்டும் என்று வேண்ட ஆரம்பித்தேன். சல்போன் மாத்திரை (நோய்க்கிருமியைக் கொல்வது, அப்போது புதிது) ரத்தத்தைக் குறைத்து என்னை ஆட்டிவைத்தது. ஆனாலும் விடவில்லை.

சேதி பரவியதும், காலில் விழுந்த அதே பூசாரி, "கோயில் பக்கம் வராத" என்றார். கணவர் மட்டும் அசையவில்லை. "அவ கிளறுன களியத்தான் தெனமும் திங்கறேன். எனக்கு என்ன ஆயிப்போச்சு?" என்று ஊரார் முன்னால் கேட்டார்.

சில வருடங்கள் கழித்து, இனி யாருக்கும் ஒட்டாது என்றார் டாக்டர். தீச்சட்டி எடுக்கட்டுமா என்று கேட்டதற்கு நன்றாகத் திட்டினார். கடைசியில், "வேப்பிலைய கனமா வை. துளி சுட்டாலும் எறக்கிடணும்" என்றார்.

பண்டிகையன்று பூசாரி வழிமறித்தார்.

"நீங்க கும்புட்ட கைதானுங்க இது," என்றேன். "வேணாம்னு ஆத்தா சொல்லட்டும், போயிடறேன்."

ஆத்தா பெயரைச் சொன்னதும் அவர் ஒதுங்கினார். சட்டியை வாங்கி நடந்தேன். பாதிச் சுற்றில் இடது உள்ளங்கையில் ஏதோ கதகதத்தது. பிறகு சுள்ளென்றது. வேண்டுதல் சட்டியைப் பாதியில் இறக்கினால் பக்தி இல்லை என்பார்கள். பூசாரியின் முன்னாலேயே இறக்கிவைத்தேன்.

"பாத்தீங்களா, தாங்க முடியல இவளால!" என்றார் அவர்.

"ஆமாங்க, சுடுது!" என்று கத்தினேன். "எனக்குச் சுடுது!" கத்திக்கொண்டே அழுதேன். ஆத்தா என் கையில் இறங்கியது அன்றைக்குத்தான்.

உங்கள் கையும் மரத்திருந்தால் நெருப்பில் சோதிக்காதீர்கள், டாக்டரிடம் பஞ்சு இருக்கிறது. வெட்கப்பட்டு ஒளியவும் செய்யாதீர்கள்.

நோயில் மடங்கிப்போன என் சுண்டுவிரல் நிமிரவே இல்லை. மற்ற விரல்களுக்கு உணர்ச்சி திரும்பிவிட்டது. முன்பு பண்டிகைக்குப் பண்டிகை என்று வருடத்தை எண்ணுவேன். இப்போது ஒவ்வொரு நாளும் காலையில் வெந்நீர்ச் சொம்பை இடக்கையில் வாங்குவதில் தொடங்குகிறது. "பாத்து, சூடு" என்பார் கணவர்.

ஆமாம், சூடாகத்தான் இருக்கிறது.