நார்வே ராஜாவின் முடியும் என் முடியும்

அலுவலகத்தில் என்னை முதலில் ‘வைக்கிங்’, அதாவது அந்தக் காலத்து நார்வே கடல்வீரன், என்று கூப்பிட்டவர் பக்கத்து இருக்கைக்காரர். அவருடைய முன்னோர்கள் நார்வேயிலிருந்து டெக்சஸுக்கு வந்தவர்கள். தோளைத் தாண்டி வளர்ந்துவிட்ட என் முடியைப் பார்த்து, ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது அவர்கள் பக்கத்துப் பழங்கதை ஒன்றைச் சொன்னார்.

ரொம்பக் காலத்துக்கு முன்னால் நார்வேயில் ஓர் இளம் ராஜா இருந்தானாம். ஒரு பெண்ணைக் கேட்டு ஆள் அனுப்பினான். கையகல நாட்டை வைத்திருப்பவனுக்குக் கழுத்தை நீட்ட முடியாது, நார்வே முழுவதையும் பிடித்தபிறகு வரச் சொல் என்று அவள் விரட்டிவிட்டாள். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. நாடு மொத்தமும் கைக்கு வரும்வரை முடியை வெட்டுவதில்லை, சீவுவதுகூட இல்லை என்று சபதம் போட்டான். வருஷக்கணக்கில் சண்டை போட்டு ஜெயித்தபிறகுதான் முடி வெட்டிக்கொண்டானாம். அவளும் வந்து சேர்ந்தாளாம்.

“சரி, உன் கதை என்ன?” என்று கேட்டார். சும்மா ஸ்டைல் என்று சொல்லித் தப்பித்தேன். பழனி முருகனை அவருக்கு எங்கிருந்து தொடங்கி விளக்குவது?

கிரீன் கார்டு வரட்டும், பழனிக்கு வந்து மொட்டை போடுகிறேன், அதுவரை தலையில் கத்தரி படாது. இதுதான் என் வேண்டுதல். அப்போது என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ தெரியவில்லை. கார்டு வருகிற வழியாக இல்லை. நடுவில் மாமியார் படுத்த படுக்கையாகிவிட, மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு ஈரோட்டுக்குப் போனாள். நானும் போயிருக்கலாம். திரும்பி வருவதற்கான விசா ஸ்டாம்பிங்கில் மாட்டிக்கொண்டால் வேலை போய்விடும், இத்தனை வருஷம் காத்திருந்தது வீணாகிவிடும் என்று பயந்து இங்கேயே நின்றுவிட்டேன். இங்கே எதற்கெடுத்தாலும் இங்கிலீஷில் பதில் சொன்ன மகள், இப்போது அங்கே பள்ளிக்கூடம் போய் ஈரோட்டுத் தமிழில் என்னோடு சண்டை போடுகிறாள். பெருமையாகத்தான் இருக்கிறது. போனை வைத்தபிறகு அவள் பேசியதை நானே ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன்.

இங்கே டெக்சஸில், ஃபிரிஸ்கோவில் ஆசைப்பட்டு வாங்கிய வீட்டில் இன்று ஓர் அறையும் அடுப்பும்தான் புழக்கத்தில் இருக்கின்றன. வார இறுதியில் யாரோடாவது பேச வேண்டும் என்பதற்காகவே ஹனுமான் கோயிலுக்குப் போவேன். அங்கே ஓர் ஆன்ட்டி, “பேசாம இங்கயே கட் பண்ணிட்டு, முடிய பழனிக்கு கூரியர் பண்ணிடுங்களேன்” என்றார். எரிச்சலாக வந்தது. ஆனாலும் அந்த வாரம் முழுக்க என்னிடம் அக்கறையாக ஒரு வார்த்தை பேசியவர் அவர் ஒருவர்தான்.

ராஜா கதையை மனைவியிடம் சொன்னால் சிரிப்பாள் என்று நினைத்தேன். கதை கேட்ட அன்று சாயங்காலமே வீடியோ காலில் கைகால் ஆட்டி, முடியைக்கூட அவிழ்த்துவிட்டுச் சொன்னேன். அந்த ராஜாவும் நானும் ஒரே ஜாதி, இரண்டு பேருமே குடும்பத்துக்காகத்தான் பாடுபடுகிறோம் என்று முடித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சாப்பிட்டீர்களா என்று கேட்கிற அதே குரலில்தான் கேட்டாள்.

“அந்தப் புள்ள நாடு வேணும்னு கேட்டா, அவன் சண்டைக்குப் போனான். நான் எப்பங்க உங்ககிட்ட நாடு கேட்டேன்?”