47 என்று எழுதிய சீட்டு

இன்று கும்மிடிப்பூண்டி பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு அம்மா, 'மரபணு ஆய்வுத் துறை' என்றிருந்த என் பல்கலைக்கழக அட்டையைப் பார்த்தார்.

"மரபணு ஆராய்ச்சின்னு பழவேற்காட்டுல ரத்தம் எடுத்துக்கினு போனது நீங்கதானா கண்ணு?"

"எடுத்தது வேற ஆளுங்கம்மா. அந்தத் தகவலை கம்ப்யூட்டர்ல அலசுறது நான்."

பர்ஸிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். எண் 47.

"எம் பொண்ணுது. ரத்தம் எடுத்த ரெண்டே மாசத்துல போய்ட்டா. இன்னா நோவுன்னு தெரிஞ்சுதா?"

எங்களுக்குப் பெயர்கள் வராது, எண்கள்தான். ஆனாலும் 47 நினைவிருந்தது. தகவல் தெளிவாக இல்லையென்று நேற்று பட்டியலிலிருந்து நீக்கியது நான்தான்.

"இன்னும் பாத்துக்கினு இருக்கோம்மா" என்றேன்.

"மெதுவா பாரு கண்ணு." சீட்டைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார்.

நீக்கிய எண்ணைத் திரும்பச் சேர்க்க எங்கள் மென்பொருளில் வசதி இருக்கிறது. சொன்ன பொய்யைத் திரும்ப எடுக்க வழி தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.