இரண்டாவது பிரேக்

ஹாரன் அக்கா, கார் ஓட்டப் பழக்கும் ஆசிரியை. பிறப்பு 1953, இறப்பு 2019. பெற்றோர் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. ஆனால் அதைச் சொல்லி விசாரித்தால் தெருவில் எவரும் அவருடைய வீட்டைக் காட்டியிருக்க மாட்டார்கள்.

கணவரின் பழைய காரில், பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக்கைப் பொருத்தி, அவர் தம் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். ஆண்களிடம் திட்டு வாங்கிக்கொண்டு பழக மனமில்லாத பெண்கள் அவரிடம் வந்தார்கள். அவரும் திட்டாமல் இருந்ததில்லை. திட்டிவிட்டுத் தாமே முதலில் சிரித்துவிடுவார்.

"கிளட்சை மிதிடின்னா, மாமியார் காலை மிதிக்கிற மாதிரி மிதிக்கிறியே! மெதுவா விடு."

தெருவின் நடுவே மருந்துக்கடைத் திருப்பம். ஒருபுறம் உயர்ந்த மதில். மறுபுறம் தையல்கடைப் படி. எதிரே வருவது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அவ்விடத்திற்கென்று அவர் ஒரு பாடம் வைத்திருந்தார்: "திருப்பத்தைப் பாத்து நடுங்காதே. ஹாரனை நல்லா அடி. வழி உன்னோடது." மாணவிகள் அடித்தார்கள்; காரும் அடக்கமாகத் திரும்பியது. பட்டப்பெயர் வந்த கதை அவ்வளவுதான்.

2008 ஆகஸ்டு மாதத்தில், மருந்துக்கடைக்காரரின் மருமகள், உரிமம் வாங்கிய சில வாரங்களுக்குள், தன் சொந்தக் காரில் அதே திருப்பத்துக்கு வந்தாள். நாற்பதில் வந்தாள். அந்தத் தெருவின் வேக வரம்பு அப்போது நாற்பது. ஆகவே சட்டத்தின் முன் அவள்மீது குறையில்லை. ஹாரனும் அடித்தாள். காது மந்தமான தையல்காரர், தைத்து முடித்த திரைச்சீலைகளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்நேரம் படியிறங்கினார். கார் மோதியதில் அவருடைய வலது கால் எலும்பு இரண்டு இடங்களில் முறிந்தது.

ஹாரன் சத்தத்தைத் தெருவே கேட்டிருந்தது. ஆகவே பழி சிரமமில்லாமல் தையல்காரரின் காதின்மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் அந்த மருமகள் அக்காவின் வீட்டுக்கு வந்து, நாற்காலியில்கூட உட்காராமல் அழுதாள்.

"நீங்க சொன்ன மாதிரியே அடிச்சேன்க்கா. ஹாரன் அடிச்சா கார் எப்பவும் தானா மெதுவாகுமே? அன்னைக்கு ஆகவே இல்லக்கா."

கார் எப்போது தானாக மெதுவாகியது? ஒவ்வொரு மாணவியும் ஹாரன் அடித்தபோது, அக்காவின் கால் தன் பாட்டுக்கு இரண்டாவது பிரேக்கை அழுத்தியிருந்தது. அதைப் பற்றி அவர் எவரிடமும் சொன்னதில்லை. சொல்லவேண்டும் என்ற நினைப்பே எழுந்ததில்லை. ஒரு தெருப் பெண்களையெல்லாம் ஹாரனை நம்பப் பழக்கிவிட்டு, வேகத்தைக் குறைத்த காலை மட்டும் தம்மோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

கணவரிடம் சொன்னபோது அவர் செய்தித்தாளை மடித்தார். "ஏம்மா, வெளியே உளறி வைக்காதே. இது தெரிஞ்சா உன்கிட்ட யாரு கத்துக்க வருவா? பள்ளியை இழுத்து மூட வேண்டியதுதான்."

அக்கா வாயை மூடிக்கொண்டார். தையல்கடை இருக்கும் பக்கத்தை விட்டு, எதிர்ப்பக்கமாகவே நடந்து பழகினார்.

இரண்டு மாதம் சென்று, வேக வரம்பை இருபதாகக் குறைக்க வேண்டும் என்று தெருவிலிருந்த தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியை குடியிருப்போர் கூட்டத்தைக் கூட்டினார். இடம் முதல் வகுப்பு அறை. பெரியவர்களெல்லாம் குட்டி நாற்காலிகளில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். தையல்காரர் ஊன்றுகோலுடன் கதவோரம் இருந்தார்.

"இருபதுல போனா, பால் வந்து சேரும்போது தயிராயிருக்கும்," என்றார் பால்வண்டிக்காரர். அறை சிரித்தது.

மருந்துக்கடைக்காரர் எழுந்தார். "ஒருத்தருக்குக் காது கேக்கலைங்கிறதுக்காக ஊரே ஊர்ந்து போகணுமா டீச்சர்? எங்க வீட்டுப் பொண்ணு முறைப்படிதான் ஹாரன் அடிச்சா."

பக்கத்திலிருந்தவர் எழுதிக் காட்டியதைப் பார்த்துவிட்டுத் தையல்காரர் சொன்னார்: "எனக்குக் காது கேக்காதுன்னு தெருவுக்கே தெரியும். காருக்குத்தான் யாரும் சொல்லல."

பல கைகள் நாற்பதே போதும் என்று எழுவதற்குத் தயாராக இருந்தன. அக்கா எழுந்தார். கணவர் அவருடைய புடவை முனையைப் பிடித்திழுத்தார். அது கையிலிருந்து நழுவியது.

"காருக்குச் சொல்லிக்கொடுத்தவ நான்தான். ஹாரன் அடிச்சா போதும்னு சொன்னதும் நான்தான். அது பொய். உங்க வீட்டுப் பொண்ணுங்க அடிச்சப்பல்லாம் பிரேக்கை நான் மிதிச்சேன். திருப்பத்துல நீங்க யாரும் நாற்பதுல திரும்பினதே இல்ல. இருபதுலதான் திரும்பினீங்க, என் காலால. இப்ப அந்தக் கால் உங்க கார்ல இல்ல. போர்டாவது இருக்கட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. மருந்துக்கடைக்காரரின் மருமகள்தான் முதலில் கை தூக்கினாள். இருபது நிறைவேறியது. கணவர் அஞ்சியபடியே, பாதி மாணவிகள் விலகிக்கொண்டார்கள்.

வாசலில் தையல்காரர் அவரை நிறுத்தினார். பேசியது முழுவதும் அருகில் இருந்தவர் வழியாக அவருக்கு எட்டியிருந்தது.

"அப்போ, உங்க கால் பிரேக்ல இருந்த வரைக்கும் என் கால் என்கிட்ட இருந்துது. அப்படித்தானேக்கா?"

அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அந்தச் சிரிப்பு அக்காவின் நெஞ்சில் கடைசிவரை ஊசியாக நின்றது. திட்டியிருந்தால் ஆறியிருக்கும்.

அதன்பிறகு அவருடைய பாடம் மாறியது. திருப்பத்தில் அவர் தம் இரு கால்களையும் இருக்கைக்கு அடியில் மடக்கி வைத்துக்கொள்வார். மாணவியே பிரேக்கைத் தொடும்வரை பேசமாட்டார். திருப்பத்துக்கு வெகு முன்னதாகவே பேச்சு நின்றுவிடுவதால், மாணவிகளுக்கு அந்த மௌனமே எச்சரிக்கையாயிற்று.

தையல்காரர் காலால் மிதிக்கும் இயந்திரத்தை விற்றுவிட்டு மோட்டார் வைத்ததை வாங்கினார். இடது காதுக்கு மட்டும் ஒரு கேட்கும் கருவியும் வந்தது. அதைப் பொருத்திய அன்று அவரே அக்காவின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"வாங்கக்கா, உங்க ஹாரன் பாட்டைக் கேட்டுப் பாத்துடலாம்."

அக்கா மறுத்துப் பார்த்தார், அவர் விடவில்லை. திருப்பத்தில், இருபது என்று எழுதிய புதிய பலகையின் கீழ் கார் நின்றது, என்ஜின் அணைக்கப்பட்டிருந்தது. ஆயினும் அக்காவின் கால் பிரேக்கின்மேல் இருந்தது. தையல்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு படியில் நின்றார். ஹாரன் ஒலித்தது. அவர் சட்டென்று மதில் பக்கம் பார்த்தார்; பிறகு வானத்தைப் பார்த்தார்; கடைசியில்தான் காரைக் கண்டுபிடித்தார்.

"கேக்குதுக்கா, நல்லாவே கேக்குது. எந்தப் பக்கத்துலேர்ந்துன்னுதான் தெரியல."

ஹாரன் அக்கா கடைசியாக ஹாரன் அடித்தது அன்றுதான்: 2009 பிப்ரவரி 17, செவ்வாய்க்கிழமை.